ஜீப் இருக்கு, ஏறத்தான் கூடாது

எங்கள் மாமனார் வீட்டு ஜீப்புக்கு என்ன விலை போகும் என்று தெரிந்த நாளிலிருந்து அதில் யாரும் ஏற முடியவில்லை.

அதுவரை அது ஜீப்பாகத்தான் இருந்தது. மஹிந்திரா எம்எம் 540, 1990 மாடல், மாமா புதிதாக எடுத்தது. வீடு போடியில், ஏலத்தோட்டம் பூப்பாறைப் பக்கம். முந்தலில் ஆரம்பித்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, தாண்டினால் கேரளம். மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் இறங்குவதைப் பாதை என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் ஓடும், மற்ற நாளில் வெறும் கல். அந்த வழியில் உர மூட்டை, மருந்து டிரம், காய் எடுக்கப் போகும் பெண்கள், அவர்களுடைய தூக்குவாளி, திரும்பும்போது பச்சைக் காய் மூட்டை, ஒரு தடவை குட்டி போட இடம் தேடிக்கொண்டிருந்த ஆடு என்று அந்த வண்டி ஏற்றாதது கிடையாது.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லிவர் இருக்கும். ஒன்று நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க. இன்னொன்று ஹை, லோ மாற்ற. லோவில் போட்டால் பக்கத்தில் நடந்து வருகிற ஆளோடு பேசிக்கொண்டே போகலாம், அவ்வளவு மெதுவு. ஆனால் நிற்காது. விடிகாலையில் மாமா ஹீட்டர் போட்டு, கொஞ்சம் பொறுத்து, செல்ஃப் அடித்தால் அந்த 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு எழும். கூடவே தெருவும் எழும். அலாரம் வைக்கிற பழக்கமே அந்தத் தெருவில் கிடையாது.

என் மச்சினன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஜீப் பிரியர்கள் கூடிய இடத்துக்கு நண்பனோடு போயிருக்கிறான். அங்கே இதே 540, பளபளவென்று நின்றிருக்கிறது. உரிமையாளர் ஆறு லட்சத்துக்குக் கேட்டும் தரவில்லையாம். அன்று ராத்திரியே போன்.

"அப்பா, நம்ம ஜீப்பு எங்க நிக்குது?"

"வாசல்லதான். ஏன்டா?"

"வெயில் படுதா?"

முப்பது வருடத்துக்கு மேல் வெயிலில் நின்ற வண்டியைப் பற்றி இப்படி ஒரு கேள்வி வரும் என்று மாமா எதிர்பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, இவனுக்கு அங்க வேல கீல போயிருச்சா, கொஞ்சம் விசாரிங்க" என்றார்.

வேலை போகவில்லை, கணக்கு வந்துவிட்டது. ஒரே ஓனர், அக்சிடென்ட் கிடையாது, எஞ்சின் மாற்றவில்லை, பேப்பர் எல்லாம் சரி. இனி இந்த மாதிரி வண்டி யாரும் செய்யப்போவதில்லை. மஹிந்திராவின் புது 'தார்' ஜீப்பில் ஏசி, டச் ஸ்கிரீன் எல்லாம் வந்தாயிற்று, ஆனால் தகரமும் பட்டையுமாக இருக்கிற பழைய ஜீப்புக்கு ஏங்குகிற கூட்டம் தனி. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியை ஓட்டவே கூடாது என்று வழக்கு நடந்து, அந்தப் பக்கத்துச் சரக்கு பாதி காலி. ஆகவே நம் பக்கத்து வண்டிக்குக் கிராக்கி. மச்சினன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. 1940-களின் கடைசியில் மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது தொடங்கி, 540 வரைக்கும் வம்சாவளியை ஒப்பித்தான். மாமா முழுதும் கேட்டுவிட்டு, "சரிப்பா, உர மூட்டைய எதுல ஏத்துறது?" என்றார்.

அதற்குப் பதில் வரவில்லை, கூரியரில் ஒரு கவர் வந்தது. வண்டியை மூடுகிற கவர்.

அடுத்த லீவில் அவனே வந்து இறங்கினான். வந்தவன் ஜீப்பை 'ஒரிஜினல்' ஆக்கப் போகிறேன் என்றான். மேலே இருந்த கேரியர் கழன்றது. பின்னால் உட்கார மாமா அடித்துப் போட்டிருந்த பலகை போய், மெத்தென்று ஸ்பாஞ்ச் சீட் வந்தது. பின் பம்பரில் மாமா பற்றவைத்திருந்த இழுவைக் கொக்கி, மாட்டு வண்டி முதல் லாரி வரை எத்தனையோ வண்டியைச் சேற்றிலிருந்து இழுத்தது, கம்பெனி கொடுத்தது இல்லை என்பதால் கேஸ் கட்டிங்கில் அறுபட்டுப் போயிற்று. கண்ணாடியில் 'பரமசிவன் துணை' என்று எழுதியிருந்ததைச் சுரண்டப் பிளேடோடு போனவனை அத்தை வழிமறித்தார்.

"மலைக்கோயில் சாமிடா அது. அம்பதாயிரம் குறைஞ்சா குறைஞ்சிட்டுப் போகுது, கைய வச்ச... பாத்துக்க."

அந்த ஒரு வரி மட்டும் தப்பியது.

அப்புறம் வாட்ஸாப்பில் சட்டதிட்டங்கள். ஈரக் குடையோடு ஏறக் கூடாது. மூட்டை ஏற்றக் கூடாது. கீற வாய்ப்புள்ள இடத்தில் நிறுத்தக் கூடாது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் குடும்பம் மொத்தமும் அந்த ஜீப்பில் அடைந்துகொண்டு போவதுதான் வழக்கம். கூட்டத்தில் தீச்சட்டியோடு போகிறவர்கள் உரசினால் பெயிண்ட் போய்விடும் என்று அதற்கும் தடை. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி அத்தை சொன்னது: "வீட்ல ஆறு லட்சம் நிக்குது, நமக்குத்தான் ஒரு சீட் கிடைக்கல."

மாமா தோட்டத்துக்குப் போயாக வேண்டும். முதலில் வீட்டிலிருந்த சின்னக் காரை எடுத்துப் பார்த்தார். மெயின் ரோட்டை விட்டு இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஒரு கல் சேம்பரைப் பதம் பார்த்து, ஆயில் முழுக்கப் பாதையில். அதோடு கார் திட்டம் முடிந்தது. அடுத்து வாடகை ஜீப். அதாவது, சொந்த ஜீப்பை மூடிவைத்துவிட்டு அதே கம்பெனியின் இன்னொரு பழைய ஜீப்புக்குத் தினம் வாடகை. டிரைவர் பையன் முதல் நாளே கேட்டிருக்கிறான்.

"உங்க வண்டிக்கு என்னங்கய்யா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. வீட்ல விலை ஏறிக்கிட்டு இருக்கு."

மாமாவுக்கு விலை ஏறட்டும் என்று காத்திருப்பது புதிதில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை ஏலம் போனது. எல்லோரும் பத்தாயிரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் நல்ல எட்டு மில்லிமீட்டர்க் காயாகப் பார்த்து, கருப்புப் பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டி வைத்தார். பத்தாயிரம் வரவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. காயைப் பிரித்துப் பார்த்தால் பச்சை வெளிறிப்போயிருந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை: "இருப்பு வச்ச காய் வெளுக்காம இருக்காது." ஜீப்பு விஷயத்திலும் இதைத்தான் மகனிடம் சொன்னார். "அப்பா, இரும்பு வெளுக்காது" என்றான் அவன். வெளுக்காதுதான். துருப்பிடிக்கும்.

மச்சினனுக்கு இன்னொரு கனவும் இருந்தது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டி, ஒரிஜினலாக இருக்கிற வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று எழுத்து வரும். பதிவுக் கட்டணம் 20,000. நம் ஜீப்புக்கு 50 வருடம் ஆவது 2040-இல். மாமாவுக்கு அப்போது 87 வயது.

"சரி, அந்த நம்பர் வாங்கினப்புறம் தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டார் மாமா.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். விண்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ரேலிக்கு, எண்ணெய் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான்.

"ஆக 2040 வரைக்கும் நீ ஓட்ட விடமாட்ட. அதுக்கப்புறம் கவர்மெண்ட் ஓட்ட விடாது. நல்ல வண்டிடா."

இப்படியே இருக்கையில் வாங்க ஆள் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், புதுத் தாரில் வந்து இறங்கினார், கையில் ஒரு காந்தம். பாடியில் அங்கங்கே காந்தத்தை ஒட்டவைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகரம், நழுவினால் உள்ளே பட்டி போட்டுப் பூசியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் எல்லா இடத்திலும் ஒட்டியது. மச்சினன் லீவு போட்டு வந்திருந்தான். முகத்தில் ஆறு லட்சம் தெரிந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கேப்போம்."

சத்தம் வரவில்லை. டொக் என்று ஒன்று, அப்புறம் அதுவும் இல்லை. பேட்டரி இறங்கிவிட்டது. சரி, தெருச் சரிவில் தள்ளிக் கிளப்பலாம் என்று நாலு பேர் கைவைத்தோம். வண்டி அசையவே இல்லை. நின்ற நிலையிலேயே பிரேக் இறுகியிருந்தது. பானெட்டைத் திறந்தால் வயரெல்லாம் எலி கடித்து நார் நாராகத் தொங்குகிறது. எலிக்கு இருப்பிடம் எது என்று தேடினால், அந்த ஒரிஜினல் ஸ்பாஞ்ச் சீட். வயிற்றைக் குடைந்து குட்டிகளோடு வசதியாக இருந்தது. பழைய பலகையில் அதற்கு வழியே இருந்திருக்காது. கவருக்குள் ஈரம் தங்கி, தரைத்தகரத்தில் காசு காசாகத் துரு.

வந்தவர் நல்ல மனுஷன், கேலி பண்ணவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, "ஓடிக்கிட்டிருந்த வண்டின்னா பயமில்லாம கேட்ட விலை குடுப்பேன். நிறுத்தின வண்டின்னா சீல் எல்லாம் காஞ்சிருக்கும், எதெது ஒழுகும்னு தெரியாது. மூணரைன்னா எடுத்துக்கிறேன்" என்றார். மச்சினன் பேரம் பேச வாயெடுப்பதற்குள் மாமா குறுக்கே புகுந்தார்.

"வாங்கி என்ன பண்ணுவீங்க தம்பி?"

"முழுசா ரீஸ்டோர் பண்ணுவேன் சார். ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ரவுண்டு."

"மழ பெய்ஞ்சா?"

"ஐயோ, மழைல எடுக்க மாட்டேன் சார். வீட்டுக்குள்ள ஷெட்டு, தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கேன்."

மாமா அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார், போடியில் நல்ல ஏலக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார். ஜீப்பைப் பற்றி அதற்குமேல் பேச்சே எடுக்கவில்லை. அவர் போனபின், "மழைல எடுக்காதவனுக்கு எதுக்குடா நாலு வீலு இழுவ?" என்று ஒரே கேள்வி. அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மச்சினன் பக்கத்தில் நின்றிருந்ததால் வெளியே சொல்லவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். பேட்டரி, வயரிங், நாலு சக்கரத்துக்கும் பிரேக் வேலை, ஆயில் சீல். வாடகை ஜீப்புக்குக் கொடுத்த காசையும் இந்த பில்லையும் மாமா ஒரே தாளில் எழுதி, கூட்டாமல், மகன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார். கூட்டுகிற வேலை பையனுக்கு நன்றாக வரும் என்று அவருக்குத் தெரியும். எஃப்.சி.யும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. 15 வருடம் தாண்டிய கார், ஜீப்புக்குப் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய், 2022-இல் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். "ஓட்டினாலும் பத்தாயிரம், போத்தி வச்சாலும் பத்தாயிரம்" என்று முணுமுணுத்தபடி கட்டிவிட்டு, ஆபீசிலிருந்து நேராக உரக்கடைக்கு வண்டியை விட்டார்.

தீபாவளிக்கு மச்சினன் புது எஸ்யூவியில் வந்தான். உயரமாக, கறுப்பாக, பக்கவாட்டில் மலை படம் போட்ட ஸ்டிக்கரோடு. இழுவை முன் சக்கரத்துக்கு மட்டும்தான், அது ஸ்டிக்கரில் இல்லை. தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மழை விட்ட இடைவெளியில் கிளம்பினான். இரண்டாவது திருப்பத்தில் சக்கரம் சேற்றில் பாதி. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க முன்னால் போவதற்குப் பதில் கீழே போனது.

மாமாவும் நானும் ஜீப்பில் போனோம். லோவில் போட்டு, நாலு வீலையும் சேர்த்து, மாமா வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு அந்தச் சேற்றுக்குள் இறக்கினார். கயிறு இருந்தது. கட்டுவதற்குக் கொக்கி இல்லை. கொக்கி இருந்த இடத்தில் கேஸ் கட்டிங் தழும்பைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான், அழகாகத்தான் இருந்தது. மாமா அவனைப் பார்த்தார். அவன் மலையைப் பார்த்தான்.

வேறு வழியில்லாமல் பம்பரிலேயே கட்டி இழுத்தோம். எஸ்யூவி வெளியே வந்துவிட்டது. ஜீப்பின் பம்பர் ஒரு ஓரமாகக் கோணிக்கொண்டது.

வீடு திரும்பியதும் அவனே லேத் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, பழைய மாதிரி கொக்கி பற்றவைக்கச் சொல்லிக் கூலியும் கொடுத்தான். மாமா திண்ணையில் உட்கார்ந்து வெல்டிங் வெளிச்சத்துக்குக் கண்ணை மறைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினனுக்கு மனசு இன்னும் ஆறவில்லை. மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இப்பிடியே தினம் ஓட்டினா 2040 வரைக்கும் தாங்குமாப்பா?"

"வண்டியக் கேக்குறியா, என்னையக் கேக்குறியா?"