மணல் குழாயோடு அடிவாரத்திலிருந்து: நாவல் எந்த மட்டில் நிற்கிறது

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையை வைத்து எழுதும் நாவலில் பயிற்சி முகாம் அத்தியாயம் ஒருவழியாக முடிந்தது. நாயகி மலாயாவில் பால்மரம் சீவுகிறவள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன சேலம் ஜில்லாக் குடும்பம், அவள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் திறந்ததும் போய்ச் சேருகிறாள். விடியுமுன் எழுவது அவளுக்குப் புதிதில்லை. துப்பாக்கிதான் புதிது.

அதற்காகத்தான் இந்தக் குழாய். அக்கால .303 ரைஃபிள் கிட்டத்தட்ட நாலு கிலோ, நீளம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அதே நீளத்துக்கு பிவிசி குழாயை வெட்டி, மணல் அடைத்து, இரண்டு பக்கமும் மூடி, பழைய பை வாரைக் கட்டினேன். அத்தை மகளையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு மலைப்பாதையில் ஏறினேன். அடிவாரம் டீக்கடை அம்மா, "பைப்பு எங்க மாட்டப் போறீங்க கண்ணு?" என்றார்.

கனம் முதலில் தெரியவேயில்லை. இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் வார் தோள்பட்டை எலும்பில் உட்கார்ந்துவிட்டது. தோள் மாற்றலாம் என்றால், குழாய் பக்கத்தில் வருபவள் முகத்துக்கு நேராகச் சுழல்கிறது. வரிசையில் நடக்கும்போது அவரவர் இஷ்டத்துக்குத் தோள் மாற்ற முடியாது. ஒருத்தி சொல்ல, எல்லோரும் சேர்ந்து மாற்ற வேண்டும். அந்த ஒருத்தி யார் என்பதிலேயே எனக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. ஏற்றத்தில் பேச மூச்சும் இல்லை. அதனால் பேச்சையெல்லாம் இறக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

இனி பர்மா. இம்பால் போர்முனையில் இவர்கள் சுடுவதாக எழுத எனக்கு மனமில்லை. படையின் ஒரு பகுதி பர்மாவின் மலையூரான மேமியோ வரை போனது. இம்பாலில் தோல்வி, பெண்கள் போர்முனையில் இறக்கப்படவில்லை. சண்டைக்கென்று தயாரானவளை, சண்டை போடாமலே திரும்பச் சொன்னால்? படைத் தலைவி கேப்டன் லட்சுமியிடம் முகத்துக்கு நேரே அவள் அதைக் கேட்கிற காட்சி எழுதியாயிற்று; நன்றாகவே வந்திருக்கிறது.

1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுக் கிளம்பிய பின்வாங்கல்தான் பாக்கி. விமானத்துக்குப் பயந்து இரவில் நகர்ந்தார்கள், சிட்டாங் ஆற்றைக் கடந்தார்கள். ஆறு எனக்குப் பழக்கமில்லை. பூலாம்பட்டியில் காவிரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் படகில், குழாயோடு ஏற விடுவார்களா என்று கேட்க வேண்டும்.