ஆச்சி வீடு

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள், "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வீடு ஒன்றை வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டை முடிக்க உட்கார்ந்தேன். வகுப்பறைச் சுவரில் அப்போது நானே ஒட்டி வைத்திருந்த 'நமது செட்டிநாடு' என்ற பெரிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பு, தேக்குத் தூண்கள், சுதைச் சிற்பங்கள், ஆத்தங்குடிக் கல் என்னும் பூப்போட்ட தரைக்கல் பதித்த வளவு (வீட்டின் நடுமுற்றம்) என்று அதில் எல்லாம் இருந்தன. பிள்ளைகளின் பண்பாட்டை வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்ற திருப்தி எனக்கு அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் வரும்.

ஒரு சிறுமி நீட்டிய தாளில் இரும்புக் கதவு ஒன்றும், கிணறும், துவைகல்லும், கவிழ்த்து வைத்த அண்டா நான்கும், ஒரு நெல்லி மரமும் இருந்தன. மேலே 'ஆச்சி வீடு' என்று எழுதியிருந்தாள். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஆச்சி என்றால் பாட்டி. ஆகவே அவளுடைய பாட்டி வீடு என்று எண்ணிக்கொண்டு, "கிணறெல்லாம் நன்றாக இருக்கிறது, வீட்டின் முன்பக்கம் எங்கே? அந்த அட்டையைப் பார்த்து முகப்பையும் வரை" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கிணற்றை அழித்துவிட்டு, அட்டையில் இருந்த தூண்களை அப்படியே பார்த்து வரைந்து கொடுத்தாள். நானும் சிவப்பு மையால் நட்சத்திரம் ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

செட்டிநாட்டில் ஆச்சி என்பது நகரத்தார் வீட்டுப் பெண்மணிகளைக் குறிக்கும் சொல் என்பதையும், அந்தப் பிள்ளை பாட்டியை அழைப்பது அப்பத்தா என்பதையும், அந்த அப்பத்தா வேலை பார்க்கும் வீட்டைத்தான் அவள் வரைந்தாள் என்பதையும் நான் அறிந்துகொண்டது ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான். இந்த ஊர்ப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்வாசல் வேறொரு தெருவில் திறக்கும். உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் முன்கதவு திறக்கப்படும் வீடுகள் பல. "முகப்புச் சாவி அவுகட்ட இருக்கு டீச்சர், எங்கிட்ட பின்வாசச் சாவிதான்" என்றார் அந்த அப்பத்தா. விடுமுறை நாட்களில் அவரோடு சென்று பழகிய பேத்திக்கு நன்றாகத் தெரிந்த வீடு அந்தப் பின்வாசல் வீடு. நான் கேட்டதும் அதைத்தானே?

அந்த அட்டையை நான் உடனே கழற்றிவிடவில்லை. ஆனால் யாருடைய செட்டிநாடு அது என்ற கேள்வி அதற்குப்பிறகு என்னை விடவில்லை. எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் அந்த வீடுகளைக் கட்டியவர்கள், கூட்டியவர்கள், கல் பதித்தவர்கள், பந்திக்குச் சமைத்தவர்கள் ஆகியோரின் பேரப்பிள்ளைகள். சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் செட்டிநாட்டை அவர்கள் முன் வைத்து, 'இது உங்கள் பண்பாடு, பெருமைப்படுங்கள்' என்று சொன்னால், பின்வாசல் பண்பாடு ஆகாது என்று சொல்லாமலே சொல்லிவிடுகிறோம்.

பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல் என்று இப்போது பயிற்சி முகாம்களில் பேசப்படுவதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. கறுப்பினக் குழந்தைகளை நன்றாகப் படிக்க வைத்த ஆசிரியர்களை உற்றுக் கவனித்த குளோரியா லேட்சன் பில்லிங்ஸ், 1995-இல் அதை ஒரு கோட்பாடாக எழுதினார். குழந்தை படிப்பில் தேற வேண்டும், தன் பண்பாட்டை இழக்காமல் தேற வேண்டும், தன்னைச் சுற்றியுள்ள ஏற்றத்தாழ்வைக் கேள்வி கேட்கவும் பழக வேண்டும் என்ற மூன்றையும் அவர் சேர்த்தே கேட்டார். நம் முகாம்களில் இரண்டாவது மட்டும் கோலமாகவும் பொங்கல் பானையாகவும் வந்து சேர்கிறது. அவருக்குச் சற்று முன்பே அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், லூயிஸ் மோல் என்பவரும் அவருடைய குழுவினரும், மெக்சிக்கோ வம்சாவளி உழைப்பாளிகளின் வீடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். அறிவுரை சொல்வதற்காக அனுப்பவில்லை; அந்த வீட்டில் என்னென்ன அறிவு இருக்கிறது என்று கற்றுக்கொண்டு வருவதற்காக அனுப்பினார்கள். விவசாயம், கட்டடவேலை, மருந்து, வியாபாரம் என்று வீடுகளில் கிடந்த அறிவைப் பாடமாக்கிய அந்த வேலையைப் பற்றிப் படித்தபோது, நாம் எத்தனையோ வீடுகளின் படியேறியும் இதைச் செய்யவில்லையே என்று தோன்றியது.

நாங்களும் வீடு வீடாகப் போகிறவர்கள்தாம். பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்பு, சேர்க்கைப் பிரசாரம், தொடர்ந்து வராத பிள்ளையைத் தேடல் என்று கோடையில் காலணி தேயும். ஆனால் கையில் படிவம் இருக்கும். வாசலிலேயே நின்று கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். படிவம் இல்லாமல் நான் போன முதல் வீடு அந்தச் சிறுமியின் வீடு. எனக்காகப் பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இரவல் வாங்கி வந்தார்கள். எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் வந்தது. அதை நீட்டிவிட்டு அவளுடைய அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதிலும் குடிக்காமல் 'இப்போதுதான் குடித்தேன்' என்று சொல்வதிலும் என்ன பொருள் இருக்கிறது என்பது எங்கள் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நான் குடித்தேன், வெயிலில் நடந்து வந்த தாகம், வேறொன்றும் யோசிக்கவில்லை. மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே, "டீச்சர் எங்க வீட்ல தண்ணி குடிச்சாங்க" என்ற செய்தி ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பரவியிருந்தது. அதுவரை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்ன அந்தப் பிள்ளை, அன்று மதியம் தானாக வந்து, "அந்தக் கிணத்துல ஆமை இருக்கு டீச்சர்" என்றாள்.

வீட்டுக்குப் போக முடியாத நாட்களில் எனக்குக் கைகொடுப்பது காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்டில் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிடும் அந்தக் கால் மணி நேரத்தில், யார் வீட்டில் ஆடு குட்டி போட்டது, யாருடைய அப்பா திருப்பூருக்குப் போய்விட்டார், யார் நேற்றிரவு தூங்கவில்லை என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்ததுதான் இன்னொரு மாணவனின் கதை. தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் உறுதிப்படுத்தும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்போம். இவன் கணக்கில் அரும்பு. மூன்றாம் வாய்ப்பாட்டில் மூவிரண்டு ஆறோடு நின்றுவிடுவான். ஒரு காலையில் உப்புமாவை விரலால் கட்டம் கட்டிக்கொண்டே, "நாலு சதுர அடிக்கு ஒம்பது கல்லு, நூறு சதுர அடிக்கு எரநூத்தி இருவத்தஞ்சு, ஒடசலுக்குத் தனியா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய தந்தை ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை செய்கிறவர். தொலைபேசியில் அவர் பேசுவதைக் கேட்டே பிள்ளைக்கு மனப்பாடமாகிவிட்டது. நான் தாளில் போட்டுப் பார்த்தேன். எட்டு அங்குலக் கல். இரண்டடிக்கு மூன்று கல். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. மும்மூன்று ஒன்பது. நூறுக்கு அதில் இருபத்தைந்து மடங்கு. சரியாக இருந்தது.

அந்த வாரம் அவன்தான் எனக்கு ஆசிரியர். கல்லின் மேல் பூவை வரைவார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். "மேல வரைய மாட்டாங்க டீச்சர், கீழ வரைவாங்க" என்று சிரித்தான். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயத்தை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போடுவார்கள். முதலில் ஊற்றிய பூ கடைசியில், கண்ணாடியை எடுக்கும்போதுதான் கண்ணில் படும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. அவன் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதினேன். வரிசை மாறிய வாக்கியங்களை ஒழுங்குபடுத்தும் பாடத்துக்கு அதைவிட நல்ல பத்தி எனக்குப் பாடநூலில் கிடைத்ததில்லை. வாய்ப்பாட்டைக் கற்களாக அடுக்கி அடுக்கி அவன் முடித்தான். கல்லிலிருந்து தாளுக்கு வர இரண்டு மாதம் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் தெரிந்தது தானாகத் தேர்வுத்தாளில் வந்து உட்கார்ந்துகொள்வதில்லை.

ருசி கண்ட பூனையாக நான் அதற்குப்பின் எல்லாவற்றையும் கல்லாகவே மாற்றினேன். சுற்றளவு, பின்னம், பண மதிப்பு எதுவானாலும் ஆத்தங்குடிதான். ஒரு நாள் அவன் நேராகவே சொல்லிவிட்டான்: "கல்லுக் கணக்கு போதும் டீச்சர். ஜேசிபி கணக்கு ஏதாச்சும் குடுங்க." சுருக்கென்று தைத்தது. தகப்பன் தொழிலை மகன் தலையில் கட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1953-இல் ராஜாஜியின் அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றபோது, குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது; அடுத்த ஆண்டு காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த வரலாறு உள்ள மண்ணில் நின்றுகொண்டு, நல்ல எண்ணத்தோடேயே ஆனாலும், ஒரு பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அவன் அப்பாவின் பட்டறையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உழைப்பவர் வீட்டு அறிவை மதிக்க வேண்டும் என்று வாதிடும் நண்பர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, அந்தப் பிள்ளைக்கு வேறென்ன பிடிக்கும் என்று விசாரித்தீர்களா என்பதைத்தான். இவனுக்கு ஜேசிபி பிடித்தது. ஒரு அள்ளுக்கு எத்தனை கூடை மண், ஒரு லாரிக்கு எத்தனை அள்ளு என்று நாங்கள் கண்மாய் தூர்வாரும் கணக்கில் நான்காம் வாய்ப்பாட்டுக்குப் போனோம்.

அந்தச் சிறுமியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர்கள் கேட்கும் மன்னிப்பு பிள்ளைகளுக்குக் கூச்சத்தையே தருகிறது. அவள் தரையைப் பார்த்தாள். ஆகவே வேறு வழியாக, எல்லோரும் ஒரே வீட்டை இரண்டு தெருவிலிருந்தும் வரையுங்கள் என்றேன். பின்வாசலை வரைவதில் வகுப்பே அவளிடம்தான் சந்தேகம் கேட்டது. இடம், வலம், முன், பின் என்ற பாடம் அன்று தானாக முடிந்தது.

இந்த ஜூனில் பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் அக்காளும் தம்பியும் எங்களிடம் சேர்ந்தார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய், அந்நிய பாஷையில் தொழில் நடத்தித் திரும்பியவர்களின் ஊர் இது. பிழைக்க வந்த பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் புரிந்துகொள்ள இந்த ஊருக்குக் கடினமாக இருக்கக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மூன்று வாரம் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியும் உதவவில்லை.

உறவுமுறைப் பாடம் வந்தது. பாடநூலில் பாட்டி என்று ஒரே சொல். எங்கள் பிள்ளைகள் வழக்கம்போல, "அப்பாவைப் பெத்தா அப்பத்தா, அம்மாவைப் பெத்தா அம்மாச்சி, ரெண்டையும் எப்படி டீச்சர் பாட்டின்னு சொல்றது?" என்று சண்டைக்கு வந்தார்கள். உறவைப் படமாகப் போட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் சுண்ணக்கட்டியை நீட்டினேன். அப்பாவின் அம்மா படத்தைத் தொட்டு "தாதி" என்றாள். அம்மாவின் அம்மாவைத் தொட்டு "நானி" என்றாள். பின்வாசல் வீட்டை வரைந்த சிறுமி எழுந்து, "பாருங்க டீச்சர், அவுக ஊர்லயும் ரெண்டு பேர்" என்று சொல்லி, தாதிக்குக் கீழே அப்பத்தா என்றும் நானிக்குக் கீழே அம்மாச்சி என்றும் எழுதினாள். "உங்க ஊர்ல என்ன டீச்சர்?" என்று அடுத்து என்னைக் கேட்டார்கள். ஆச்சி என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது.