பஸ் ஸ்டாண்டில் 412 பேர்

அக்டோபர் 27, 2025, திங்கள். கோத்தகிரி

500 பொம்மைகளும் ஒரு மணி நேரம் ஆடி முடித்துவிட்டன. ஒன்றுகூட விழவில்லை.

பொம்மை என்பது நாங்கள் வைத்த பெயர். ஆட்டக்காரர் மாதிரி நடிக்கிற நிரல். லாகின் செய்யும், பஸ் ஸ்டாண்டுக்கு வரும், இரண்டே நொடியில் ஆட்டத்துக்குள் போகும், ஓடும், பிடிபடும், வெளியேறும். மும்பையில் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

ஆட்டம் நம்ம கள்ளன் போலீஸ்தான். ஓர் அறைக்கு 20 பேர், தேயிலைச் சரிவு, மூடுபனி. அறை கிடைக்கும்வரை காத்திருக்க ஒரு பஸ் ஸ்டாண்டு வரைந்திருக்கிறோம். நடுவில் ஒரு பச்சை பஸ் நிற்கும். ஏறி ஹாரன் அடிக்கலாம்.

சித்தி மகன் அருவங்காட்டிலிருந்து போன் செய்தான். ஆட்டத்தில் பாதிக்கு மேல் அவன் கைவேலை. "அப்போ அடுத்த மாசம் விட்டுரலாமாக்கா?" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. பொம்மைகள் நல்ல பிள்ளைகள், சொன்னதை மட்டும்தான் செய்யும். 2016 ஜூலையில் போக்கிமான் கோ என்ற போன் ஆட்டம் வந்தபோது, ரொம்ப மோசமாகப் போனால் ஐந்து மடங்கு கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வந்தது 50 மடங்கு. கூகுளே பிறகு எழுதியிருக்கிறது. எங்களுக்கு 500 பேர் வந்தாலே நான் தேங்காய் உடைப்பேன், அது வேறு விஷயம். ஆனால் அந்த 500 பேரும் ஆட்களாக இருப்பார்களே.

ஆட்களைக் கூப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

அழைப்பு எழுதவே மூன்று மணி நேரம். 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' என்று போட்டால் டாக்டர் டிரெட்மில்லில் ஓட விடுவதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. 'தாங்குதிறன் சோதனை' என்றால் பாலம் கட்டுகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் பெயரே வைக்கவில்லை:

"சனிக்கிழமை ராத்திரி 8 முதல் 9 வரை எங்கள் ஆட்டத்துக்கு வாங்க. சர்வரைப் படுக்க வைப்பதுதான் உங்கள் வேலை. காசு கட்ட வேண்டாம், காசு கிடைக்கவும் கிடைக்காது. சேர்த்த புள்ளிகள் 9 மணிக்கு அழிக்கப்படும். ஆட்டம் நின்றுபோனால், எத்தனை மணிக்கு, என்ன போன், வைஃபையா மொபைல் டேட்டாவா என்று எழுதி அனுப்புங்க."

காசைப் பற்றிய வரி சும்மா சேர்த்ததில்லை. ஆன்லைன் கேம் என்றாலே இங்கே ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களுக்கு ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்ததிலிருந்து, டானிங்டன் டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் உன்னை விட்டு வெச்சிருக்காங்களாம்மா?" என்கிறார்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "விருந்துக்குக் கூப்பிட்டுப் பந்தலைப் பிரிக்கச் சொல்ற," என்றாள். அப்புறம், எத்தனை பேருக்கு அனுப்பினாய் என்று கேட்டாள். கல்லூரி ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுக்களையெல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் இருக்கும் என்றேன். "அப்போ நானூறு இலை போடு."

நவம்பர் 1, சனி. இரவு 11.40

மழை. 7 மணிக்கே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் ரௌட்டரும் லேப்டாப்பும் மட்டும். அம்மா மெழுகுவத்தியை என் பக்கமே வைத்துவிட்டுப் போனாள்.

8 மணிக்கு 60 பேர். 8.05க்கு 210. 8.09க்கு 337.

அங்கேயே நின்றது. யாராவது வெளியே போனால் 336, கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி 337. சர்வரின் பிராசஸர் பாதிகூட ஓடவில்லை, மெமரி தாராளமாகக் கிடக்கிறது, ஆனால் 338ஆவது ஆள் உள்ளே வர முடியவில்லை. வாசலில் யாரோ கயிறு கட்டின மாதிரி. இருபது நிமிடம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் கோயம்புத்தூர் ஹாஸ்டல் ஒன்றிலிருந்து ஒரு பையன்: "அக்கா, நாங்க 40 பேர் இருக்கோம், 6 பேருக்குத்தான் ஓப்பன் ஆகுது. மத்தவங்க என்ன பாவம் பண்ணினோம்?"

9 மணிக்கு மூடினோம். தூக்கம் வரும் என்று தோன்றவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டும் என் தப்புதான்.

முதலாவது. லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் எத்தனை கோப்பும் இணைப்பும் திறந்து வைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. நாம் மாற்றாவிட்டால் பெரும்பாலும் அது 1024. எங்கள் ஆட்டத்தில் ஆளுக்கு மூன்று இணைப்பு: ஆட்டத்துக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. 337 பேர் என்றால் 1011. சர்வர் தன் சொந்த வேலைக்குத் திறந்து வைத்திருந்தது 13. கூட்டிப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பொம்மைகள் அரட்டையும் அடிக்காது, பேசவும் பேசாது. அதனால் 500 பொம்மைக்கு 500 இணைப்புதான், வரம்பின் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு வரி மாற்றினால் சரி.

இரண்டாவதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஒரே இணைய முகவரியிலிருந்து நிமிடத்துக்கு 20 இணைப்புக்கு மேல் வந்தால் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தும்படி எழுதியிருந்தேன். ஹாஸ்டலில் 40 பேருக்கும் ஒரே வைஃபை, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகவரி. ஆறு பேர் நுழைந்ததும் 18 ஆகிவிட்டது, ஏழாவது ஆள் திருடன். மொபைல் டேட்டாவிலும் இதே கதைதான், கம்பெனிகள் ஒரு முகவரியைப் பல பேருக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கின்றன. பொம்மைகளை ஓட்டியபோது இது ஏன் தெரியவில்லை? பொம்மைகள் வரும் முகவரிக்கு விலக்குக் கொடுத்து வைத்திருந்ததே நான்தான்.

இப்போது முகவரியைப் பார்ப்பதில்லை, கணக்கைப் பார்த்துத்தான் எண்ணுகிறோம். ஹாஸ்டல் பையனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவால்லக்கா, அடுத்த வாரம் 80 பேர் வர்றோம்" என்று பதில். மிரட்டலா ஆறுதலா தெரியவில்லை.

நவம்பர் 5, புதன்

வந்த குறிப்புகள் 140. அதில் நூற்றுக்கு மேல் 'ஒர்க் ஆகல' என்ற இரண்டே வார்த்தை. ஒரே ஒரு குறிப்பைப் படித்துவிட்டு எழுந்து போய் டீ போட்டு, வர்க்கியோடு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். குன்னூர் பக்கம் டீ பேக்டரியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர். "8.14: பஸ்ஸில் ஏறினேன். 8.15: ஹாரன் அடித்தேன், நாலு நொடி கழித்துக் கேட்டது. 8.16: மறுபடி, ஆறு நொடி." இலை வாடுகிற நேரத்தையும் உலர்த்துகிற சூட்டையும் தினமும் நோட்டில் குறிக்கிற கை. கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாரும் இப்படி எழுதி அனுப்பவில்லை.

ஹாரன் ஏன் தாமதமானது? குறித்துக்கொண்டேன்.

இன்னொருவர்: "பனிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கள்ளன் எனக்கு நல்லாத் தெரியறான். நான் பனியைத் தூக்கிட்டேன்." போனில் இருக்கும் படக்கோப்பை மாற்றியிருக்கிறார். பனியை நாங்கள் போனில்தான் வரைகிறோம். சர்வர் எல்லாருடைய இடத்தையும் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. "இது ஏமாத்து வேலைக்கா, தடை பண்ணிரலாம்" என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். உடைக்கச் சொல்லித்தானே கூப்பிட்டோம்?

நவம்பர் 8, சனி. நள்ளிரவு தாண்டி

412 பேர். அம்மாவின் இலைக் கணக்கு பன்னிரண்டுதான் தப்பு.

337ஐத் தாண்டியபோது தம்பி போனில் விசிலடித்தான். 8.20க்கு எல்லாம் போச்சு.

ஆட்டத்துக்குள் யாருமே போகவில்லை. அறைகள் காலி. 412 பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று குதித்துக்கொண்டிருக்கிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள், பஸ் கூரை மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். பொம்மை இரண்டு நொடி நின்ற இடத்தில் மனுஷன் அரை மணி நேரம் நிற்கிறான். யோசித்தால் நிஜ பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தானே?

சர்வர் நொடிக்கு 20 தடவை, அதாவது 50 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, யார் எங்கே இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அறைக்குள் 20 பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் மற்ற 19 பேரின் செய்தி, மொத்தம் 380. பஸ் ஸ்டாண்டில் 412 பேருக்கு 411 பேரின் செய்தி: 1,69,332. நொடிக்கு 20 தடவை என்றால் 33 லட்சத்துக்கு மேல். 50 மில்லிசெகண்டில் முடிய வேண்டிய வேலைக்கு 380 மில்லிசெகண்டு ஆனது. போன சனிக்கிழமை ஹாரன் நாலு நொடி பிந்தியதற்கும் காரணம் இதேதான். டீ பேக்டரிக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

பதற்றத்தில் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். அது அடுத்த தப்பு. விழுந்த 412 போன்களும் அதே நொடியில் திரும்ப முட்டின. சர்வர் எழுந்திருக்கும், முட்டுவார்கள், விழும். கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டம்தான். போதாததற்கு, முன்பு விழுந்தவர்களின் பழைய இடங்கள் டேட்டாபேஸில் இன்னும் காலியாகவில்லை. ஆள் இல்லை, சீட்டில் துண்டு மட்டும் கிடக்கிறது. துண்டை எடுக்க 60 நொடி ஆகும் என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம்.

8.50க்கு 'இன்றைக்கு இவ்வளவுதான், மிக்க நன்றி' என்று போட்டுவிட்டு மூடினேன். பதிலுக்கு வந்த கைதட்டல் படங்களை எண்ணி முடியவில்லை. இவ்வளவு சந்தோஷமாக யாரும் என் வேலையைக் கெடுத்ததில்லை.

நவம்பர் 10, திங்கள்

தம்பியோடு சண்டை. பஸ் ஸ்டாண்டை நான்காகப் பிரித்து, தலைக்கு நூறு பேர் என்று வைக்கலாம் என்கிறான். சுலபம்தான். ஆனால் கூட்டம் இல்லாத பஸ் ஸ்டாண்டில் யார் நிற்பார்கள்?

பனியைத் தூக்கியவரின் குறிப்பைத் திரும்ப எடுத்தோம். கண்ணுக்குத் தெரியாதவனின் இடத்தை அனுப்பாமலே விட்டால், அவருக்குத் தூக்குவதற்கு ஒன்றும் இருக்காது, சர்வருக்கும் சுமை குறையும். பனியைப் போனிலிருந்து எடுத்து சர்வரில் வைத்தாயிற்று. பஸ் ஸ்டாண்டில் பனி கிடையாது, அங்கே பக்கத்தில் நிற்கும் 40 பேரின் அசைவு மட்டும் ஒவ்வொரு தடவையும் போகும், தூரத்தில் இருப்பவர்களுடையது நொடிக்கு ஒரு தடவை. 1,69,332 என்பது சுமார் 16,500 ஆகிறது. நொடிக்கு ஒரு தடவை போகிற மிச்சத்தைப் பரப்பிவிட்டால் இன்னொரு 7,600. தாங்கும்.

விழுந்த போன்கள் ஆளுக்கொரு நேரத்தில் திரும்பி வரும்படியும் மாற்றினோம். ஒன்று 2 நொடி கழித்து, ஒன்று 7, ஒன்று 11. மறுபடி முடியாவிட்டால் இடைவெளி இரட்டிக்கும். துண்டு 10 நொடிதான்.

நவம்பர் 15, சனி. இரவு 10

190 பேர்தான் வந்தார்கள். அரவேனு பக்கம் மரம் விழுந்து பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை, அது ஒன்று. சரியாகிவிட்டது என்று நானே எழுதித் தொலைத்தது இன்னொன்று. நன்றாக ஓடுகிற சர்வரைப் பார்க்க யார் வருவார்கள்? இன்னும் 200 பொம்மைகளை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்து, குதிக்கவும் ஹாரன் அடிக்கவும் சொல்லிக்கொடுத்து, ஆட்களோடு கலந்துவிட்டேன். 44 மில்லிசெகண்டுக்கு மேல் போகவில்லை. வேண்டுமென்றே நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கிளப்பினேன். சொட்டுச் சொட்டாக எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

8.45க்கு ஹாஸ்டல் பையன்: "அக்கா, இன்னைக்கு ஒண்ணுமே ஆகல. போர்."

8.52க்கு அறைகளுக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு பிழைச் செய்தி இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். ஹாஸ்டல்காரர்கள் முப்பது நாற்பது பேர் பஸ்ஸின் பின்னால் வரிசையாக முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறார்கள். பஸ் நகர்ந்து நகர்ந்து வெளியேறும் கேட்டின் குறுக்கே போய் நின்றுவிட்டது. யாரும் ஆட்டத்துக்குள் போக வழியில்லை. அரட்டை முழுக்க 'தள்ளு தள்ளு'.

"பஸ்ஸை நகர முடியாதபடி ஏன் வைக்கல?" என்று தம்பியைக் கேட்டேன்.

"எடை வெச்சிருந்தேன்கா. ஒருத்தன் தள்ளினா நகராது."