ராயபுரத்து முன்னறையில் குவோ ஜிங்

சீன எழுத்தாளர் ஜின் யோங்கின் நாவலைத் தழுவி ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சி 1983இல் எடுத்த ‘தி லெஜண்ட் ஆஃப் தி காண்டோர் ஹீரோஸ்’ தொடரின் 59 பகுதிகளையும், ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பாவோடு உட்கார்ந்து, சென்ற வாரம்தான் பார்த்து முடித்தேன். அரங்குக்குள் எழுப்பிய பாறைகளும் காடுகளும் முதலில் கண்ணை உறுத்தின. இரண்டு நாளில் பழகிவிட்டன.

என்னைக் கட்டிப்போட்டவன் கதையின் நாயகன் குவோ ஜிங். மங்கோலியப் புல்வெளியில் வளரும் அவனுக்கு ஆசிரியர்கள் பலர் வருடக்கணக்கில் சண்டைக்கலை கற்றுக்கொடுத்தும் எதுவும் சட்டென்று ஏறுவதில்லை. பின்னர் அவன் காதலி ஹுவாங் ரோங், சாப்பாட்டுப் பிரியரான சண்டைக்கலை வல்லவர் ஹோங் சிகோங்குக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டே, அவருடைய புகழ்பெற்ற உள்ளங்கை அடிகளை அவனுக்குக் கற்றுத்தர வைக்கிறாள். சண்டைகளைவிட இந்தப் பகுதியே எனக்கு உயர்வாகப் படுகிறது.

அப்பா இளவயதில் காசிமேட்டில் சிலம்பம் பழகியவர். குவோ ஜிங் ஒரே அடியை மரத்தின்மீது ஓயாமல் பழகும் காட்சியில், நாற்காலியின் கைப்பிடியை அவர் விரல்கள் கம்பைப் பிடிப்பதுபோல் இறுக்கிக்கொண்டிருந்தன. “இவன்தாம்பா கத்துப்பான். சீக்கிரம் புடிக்கிறவன் பாதியிலயே நின்னுடுவான்” என்றார்.

ஹுவாங் ரோங்காக நடித்த பார்பரா யுங் 1985இல், தம் 26ஆவது வயதில் இறந்துபோனார் என்பதை அப்பாவிடம் கடைசிப் பகுதி முடிந்த பிறகே சொன்னேன். அவர் பேசவில்லை, அவள் சமைக்கும் பகுதியை மறுபடியும் போடச் சொன்னார்.