35 வயது ஆர்எக்ஸ் 100-க்கு எஃப்சி காட்டிய அனுபவம்

சொந்த உபயோகத்துக்கான பைக்குக்கு முதல் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 15 வருடம் செல்லும். அதற்கப்புறம் 5 வருடத்துக்கு ஒரு தடவை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் ‘எஃப்சி (தகுதிச் சான்று) காட்டுவது’ என்கிறோம். எங்கள் வீட்டு யமஹா ஆர்எக்ஸ் 100, 1990 மாடல், அப்பா புதிதாக எடுத்தது. முன்பெல்லாம் புரோக்கர் கையில் வண்டியைக் கொடுத்துவிடுவோம், சாயங்காலம் வேலை முடிந்து திரும்பி வரும். ஆர்சி என் பெயருக்கு மாறிவிட்டதால் 2025 புதுப்பித்தலுக்கு நானே போனேன். வண்டியில் என்னதான் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது.

காகித வேலை கஷ்டமில்லை. பரிவாஹன் தளத்தில் படிவம் 25. ஆர்சி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் பைக்குக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல். கட்டணம்தான் உறைக்கிறது. 300 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 1000 ஆக்கினார்கள்; 2025 ஆகஸ்டில், 20 வயதைத் தாண்டிய பைக்குகளுக்கு மட்டும் 2000. இது போகப் பழைய வண்டிகளுக்கான பசுமை வரி. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்.

பெட்ரோலோடு ஆயிலையும் எரிக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் எனக்குப் பயமெல்லாம் புகையில்தான். ஆனால் 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9000 பிபிஎம் வரை அனுமதி உண்டு. தாராளமான எல்லை. நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ் அதற்குள் வந்துவிடும், இன்ஜின் சூடாக இருந்தால். நன்றாக ஓட்டிவிட்டுப் போய் உடனே சைலன்சருக்குள் சோதனைக் குழாயை விடச் சொல்வதுதான் ஒரே உத்தி.

அதற்கும் முன்னால் மெக்கானிக்கிடம் விட்டேன். பழைய யமஹாக்களிலேயே ஊறிப்போன மனிதர். வெள்ளைப் புகை கொஞ்சம் அதிகம் என்றதும் இன்ஜினுக்கு ஆயில் அனுப்பும் பம்பைக் குறை சொல்வார் என்று நினைத்தேன். நிறையப் பேர் பம்பையே கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஓட்டுகிறார்கள். அவரோ கியர் ஆயில் அளவைப் பார்த்தார், குறைந்திருந்தது. கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் தேய்ந்தால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரித்துவிடுமாம். மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றை இழுக்கும், கலவை வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் மாற்றினார். சைலன்சர் உள்குழாயைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டுக் கரி எடுத்தார்.

அப்புறம் பிரேக். ஆர்எக்ஸ் 100-க்கு முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம்தான். முன் பிரேக்கைப் பிடித்தபோது டிரம் மேலிருக்கும் லீவர் கேபிளோடு செங்கோணத்தைத் தாண்டிப் போனது. ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டை) தேய்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டாம். கழற்றிப் பார்த்தால் லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஓர் இடத்தில் லேசாகத் தட்டி நின்றது. ஸ்டீயரிங் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன்செட்டையும் மாற்றச் சொன்னார். பின் டயரில் பட்டன் நிறையவே இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கம் 2012 தயாரிப்பு என்றது, ரப்பர் கல்லாகியிருந்தது. அதையும் மாற்றினேன். இந்தப் பில் எஃப்சி கட்டணத்தைப்போலப் பல மடங்கு.

ஆர்டிஓ அலுவலகத்தில் காலையிலேயே வரிசை கட்டிவிடுகிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளரை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) வந்ததும் முதலில் கேட்டது சேசிஸ் நம்பர். ஆர்எக்ஸில் அது ஸ்டீயரிங் கழுத்தின் வலப்பக்கம் இருக்கும். சில வருடம் முன்பு அடித்த பெயின்ட் எழுத்துகளின் பள்ளத்தை நிரப்பியிருந்தது. துணியில் தின்னரைத் தொட்டு மெதுவாகத் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. நம்பரில் கைவைத்த மாதிரி தெரிந்தால் வேறு பிரச்சினை ஆரம்பித்துவிடும். பக்கத்தில் பவுடர் கோட்டிங் செய்து பளபளவென்று கொண்டுவந்த ஒரு புல்லட்டில் நம்பரே தெரியவில்லை. பாவம், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து இன்ஜின் நம்பர். ஆர்எக்ஸ் 100-ல் இன்ஜின், சேசிஸ் இரண்டுமே 1எல்1 என்று தொடங்கும். அதை ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஆர்எக்ஸ் 135 இன்ஜினை இந்தச் சேசிஸில் மாட்டி ஓட்டுவது ஊரெல்லாம் நடக்கிறது. திருட்டு வண்டிக்கு வேறு நம்பர் குத்துவதும் நடக்கிறது. அந்த அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு நம்பர் பிளேட்டைப் பார்த்தார். பின்பக்க எண்கள் 40 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி, கம்பெனி சைலன்சர்தானா என்பது, போனில் போட்டோ. சரி, போகலாம் என்றார்.

பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை. வண்டியை ஓட்டவில்லை, ஓட்டச் சொல்லவும் இல்லை. ஹேண்டிலைத் திருப்பவில்லை, டயர் தேதி பக்கம் யாரும் போகவில்லை. மெக்கானிக்கிடம் விடாமல் நேராக ஓட்டிப்போயிருந்தாலும் இதே வண்டி தேறியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அத்தனை வண்டிகள் நிற்கும் மைதானத்தில் ஒரே மனிதர் வேறென்ன செய்ய முடியும் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் 2000 ரூபாய் வாங்குகிறவர்கள் முன் பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம். உருட்டிப் பிடித்தால் தெரிந்துவிடுகிற விஷயம் அது. என் அனுபவத்தில், ஆர்சியில் இருப்பது இந்த வண்டிதான் என்பதற்கு எஃப்சியை நம்பலாம். பிரேக் பிடிக்கும் என்பதற்கு நம்ப முடியாது.

புது ஆர்சி ஸ்பீட் போஸ்டில் வீட்டுக்கு வந்தது. அடுத்தது 2030-ல்.

போன வாரம் நண்பன் ஒருவன் ஆர்எக்ஸ் 100 விலைக்கு வருகிறது, ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள், ஆனால் 2029 வரை எஃப்சி இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னான். நம்பர் இரண்டும் சரியாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு சக்கரத்தையும் கழற்றி ஷூவைப் பார், கியர் ஆயில் அளவைப் பார், டயர் எந்த வருடத்தது என்று பார் என்றேன். விற்கிறவர் கழற்ற விடமாட்டேன் என்கிறாராம்.