கோப்பில் இருந்த ஒரு வரி

2011இல் மெல்பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்தேன். அங்கே இருந்தவர்களில் பலர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். இரண்டாம் கிழமை, 84 வயதான ஓர் அம்மாவைக் குளிக்க வார்க்கச் சொன்னார்கள். வழக்கம்போல மேலே இருந்த ஷவரைத் திறந்தேன். தண்ணீர் தரையில் விழுந்த சத்தத்தோடு அவருடைய உடம்பு அப்படியே விறைத்துப் போனது. கதவு நிலையைப் பிடித்த கையை எடுக்கவே முடியவில்லை. தண்ணீர் குளிர்கிறதாக்கும் என்று நினைத்து, "இளஞ்சூடுதான், பயப்படாதீர்கள்" என்றேன். மூத்த தாதி ஓடிவந்து தண்ணீரை நிறுத்தி, அவரைத் துவாயால் போர்த்தி அழைத்துப் போனார்.

அப்புறம்தான் தெரிந்தது. அந்த அம்மா, நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த அவுஷ்விட்ஸ் முகாமில் இருந்து உயிர் தப்பியவர். அங்கே குளிக்கப் போகிறீர்கள் என்று சொல்லித்தான் மக்களை நச்சுவாயு அறைக்குள் அனுப்பினார்கள். "மேல் ஷவர் வேண்டாம்" என்று அவருடைய கோப்பில் ஒரு வரி இருந்தது. நான் வாசிக்கவில்லை. பிழை என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு கதிரையில் இருத்தி, கைக்குழாயை அவரிடமே கொடுப்பேன். முதலில் பாதம், பிறகு முழங்கால். எங்கே தண்ணீர் படவேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். அரை மணித்தியாலம் ஆகும், ஆகட்டும்.

1944 மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டுக் கிழமைக்குள், ஹங்கேரியிலிருந்து 4 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றினார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் அவுஷ்விட்ஸ். அவர்களில் இவருடைய குடும்பமும் ஒன்று. இவருக்கு அப்போது 17 வயது. வேலைக்கு ஆகும் என்று இவரை ஒரு பக்கம் விட்டார்கள். தாய், தகப்பன், தம்பி, ஆறு வயதுத் தங்கை எல்லோரும் மறுபக்கம். இடது கையில் 'ஏ' என்ற எழுத்தோடு பச்சை குத்திய எண் கடைசிவரை இருந்தது.

போர் முடிந்ததும் ஜேர்மனியில் ஓர் அகதி முகாமில், தன்னைப்போலவே தனித்துப் போன ஒருவரை மணந்தார். 1949இல் கப்பலில் மெல்பேர்ண் வந்தார்கள். அந்நாளில் துணி வியாபாரத்தின் மையமாக இருந்த பிளிண்டர்ஸ் லேனில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்தார். மூன்று பிள்ளைகள். இறந்துபோன உறவினரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழக்கம். மகளுக்குத் தாயின் பெயர், மூத்த மகனுக்குத் தகப்பன் பெயர், இளையவனுக்குத் தம்பியின் பெயர்.

ஒருநாள் தலையணை உறையை மாற்றும்போது கடதாசித் துவாயில் சுற்றிய பாண் துண்டுகள் விழுந்தன. சில பூஞ்சணம் பிடித்திருந்தன. எறிந்துவிடத்தான் வேண்டும், எறும்பு வரும். ஆனால் அவர் பார்த்த பார்வையில் என்னால் எடுக்க முடியவில்லை. தாதியிடம் கேட்டு ஒரு வழி செய்தோம். கட்டிலருகே மூடியுள்ள பெட்டி, இரவுதோறும் அதில் புதுத் துண்டு. புதியது அவர் கைக்குப் போன பிறகுதான் பழையதை எடுப்போம். மறதி நோய் முற்றி ஆங்கிலம் போய்விட்ட காலத்திலும் "கென்யேர்" என்று கேட்பார். ஹங்கேரிய மொழியில் பாண்.

எப்போது இறந்தார்கள் என்று தெரியாதவர்களுக்காகப் பிரார்த்திக்க, யூத நாட்காட்டியில் தேவேத் மாதம் பத்தாம் நாளைக் குறித்திருக்கிறார்கள். அன்று அவருடைய மகன் வந்து பிரார்த்தனை சொல்வார். இல்லத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை என்பதால், மின்விளக்கு மெழுகுதிரி ஒன்று மேசையில் எரியும். 1990இல் காணாமற்போன என் மாமாவுக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை திவசம் இல்லை. எந்தத் திதியில் கொடுப்பது? அந்த விளக்கை நான் அணைத்ததில்லை. விடிந்ததும் வேறு யாராவது அணைப்பார்கள்.

2015இல் கடைசி மாதங்களில் ஒரே ஒரு பெயரைத்தான் அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆறு வயதுக் கொள்ளுப்பேத்தியின் பெயர். அந்தத் தங்கையின் பெயரும் அதுதான். யாரைக் கூப்பிடுகிறார் என்று மகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்தச் சின்னப்பிள்ளை வரும். பெயர் கேட்டதும் கட்டிலில் ஏறி இருந்து, எண் இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கதான் இருக்கிறேன்" என்று சொல்லும்.