எங்கள் காம்பராச் சட்டம்

6 ஜூலை 2025, ஞாயிறு

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் தலவாக்கலைப் பக்கம் விடாத மழை. அண்ணன் வீட்டிலிருந்த அம்மா நேற்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீடான காம்பராவில் எங்களோடு தங்க வந்துவிட்டார். மதியம் சாப்பிட்டு எழுந்த மகன் தட்டோடு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குக் கிளம்பியதும் அவருக்கு முகம் மாறியது.

"ஆம்பிளைப் பிள்ளையைத் தட்டுக் கழுவ விடுகிறாயே, லயத்தில் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?"

சிரிக்கிறார்கள்தான். என் தட்டையும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன். இந்தக் காம்பராவில் ஒரே சட்டம்: அடுத்தவர் உழைப்பை ஓசியில் தின்னக் கூடாது. அவரவர் தட்டை அவரவர் கழுவுவது அதில் அரிச்சுவடி. தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் பெரும்பாலும் மதியத்தோடு வீடு திரும்பிவிடுவார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களோ வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஓடி, மலையேறி இறங்கி, மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அடுப்பையும் மூட்ட வேண்டும். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தபடி "சாயம் எங்கே?" என்று தேநீருக்குக் குரல் கொடுக்கும் ஆண்களுக்கு எங்கள் லயத்தில் பஞ்சமில்லை.

9 ஜூலை, புதன்

டியூஷனுக்கு நேரமாகிவிட்டதென்று மகன் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அவன் தங்கை தொடவில்லை. அம்மா கையை நீட்டினார்; மனைவி பார்த்த பார்வையில் இழுத்துக்கொண்டார். இரவு, காய்ந்து ஒட்டிய பருப்பை அவன் நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

12 ஜூலை, சனி

மகள் தாயைப் பார்க்க மடுவத்துக்குப் போயிருந்தாள். தராசு 19 கிலோ காட்டியதாம். சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் என்று இரண்டைக் கழித்து 17 என்று எழுதினாராம் கணக்கப்பிள்ளை. எங்கள் தோட்டத்தில் முழுநாள் சம்பளமான முழுப்பேருக்கு 18 வேண்டும்; குறைந்தால் பாதிச் சம்பளமான அரைப்பேர். 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று நாட்சம்பளம் ஏறியதெல்லாம் சரி. அது பாதியாவது இந்தத் தராசடியில்தான்.

"அந்த ரெண்டு கிலோ யாருடையது அப்பா?" என்று கேட்டாள் மகள்.

பெரிய இடத்து விவகாரம், பேசாமல் இரு என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம் சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றாகிவிடும். "அம்மாவுடையது" என்றேன். மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

15 ஜூலை, செவ்வாய்

வெறும் ஈரச் சாக்கை மட்டும் தராசில் தொங்கவிட்டுக் காட்டுங்கள் என்று மனைவி கணக்கப்பிள்ளையிடம் மரியாதையாகவே கேட்டிருக்கிறாள். ஒரு கிலோகூட வரவில்லை. கணக்கப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் கழித்தாராம்.

"அப்பவும் ஒன்று போய்விட்டதே" என்று நான் இழுத்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள் காலத்தில் றாத்தல் கணக்கு. வாயைத் திறந்தால் மறுநாள் வேலை இல்லை. இவள் கேட்டிருக்கிறாள், அதைப் பேசு."

மகள் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, தன் அம்மா எடுத்தது, கழித்தது, எழுதியது என்று மூன்று கட்டம் வரைந்திருக்கிறாள். பக்கத்துக் காம்பரா அத்தை தன் நிறையையும் அதில் எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.